கழுத்துத் தகடும் காத்திருக்கும் தாயும்

சூரிச் மாநகரின் வீடிக்கோன் பகுதியிலே சீல்பெல்ட் என்னும் பெரிய மயானம் உள்ளது. எம்மவர்கள் கடை நடத்துவதும் உணவகச் சமையலறைகளில் உழைப்பதுமான லாங்ஸ்திராச வீதியிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தூரம். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இம்மயானத்தில் இந்நாட்டின் பெரும் எழுத்தாளரான கொட்பிரீட் கெல்லரும், எமது பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் 'ஹைடி' கதையை எழுதிய யொஹன்னா ஸ்பீரி அம்மையாரும் துயில்கின்றனர். செஞ்சிலுவை இயக்கத்தின் மூலவரான ஹென்றி டுனானின் கல்லறையும் இங்கேதான் இருக்கின்றது. அவரை ஜெனீவாவோடு மட்டுமே சேர்த்து நினைத்துப் பழகிய எமக்கு இது வியப்பான செய்தியே.

டுனான் ஜெனீவாவில் பிறந்தவர். 1867இல் வர்த்தகத்தில் முறிந்து கடனாளியாகி அந்நகரை விட்டு வெளியேறியவர். அதன் பின்னர் பிறந்த ஊரில் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவேயில்லை. ஊர் ஊராய் அலைந்து, வறுமையில் உழன்று, அப்பன்செல் மலைப்பகுதியிலுள்ள ஹைடன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் ஓர் அறையில் ஒதுங்கினார். 1901இல் முதலாவது சமாதானத்துக்கான நோபல் பரிசு பிரெடெறிக் பசியோடு அவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி அங்கேயே காலமானார். சடங்கும் ஊர்வலமும் வேண்டாம் என்ற அவரது விருப்பப்படி சூரிச்சில் அமைதியாக அடக்கம் நிகழ்ந்தது. ஊரிழந்து வாழும் எமக்கு இக்கதையில் விளங்காதது எதுவுமில்லை.

இலையுதிர்காலத்து மாலையொன்றில் நாம் அக்கல்லறைக்குச் சென்றோம். சென்றதன் நோக்கம் டுனானை வணங்குவது மட்டுமன்று. அவர் தமது நூலிலே பெயர் சொல்லி எழுதிவைத்த சாதாரணச் சிப்பாய் ஒருவனைப் பற்றிச் சிந்திப்பதற்காகவும் சென்றோம்.

ஒரு கோப்பிரலின் கதை

1859 யூன் 24ஆம் திகதி வட இத்தாலியில் சொல்பெரினோ என்ற இடத்தில் ஒஸ்திரியப் படையும், பிரான்ஸ் - சார்டீனியக் கூட்டுப் படையும் மோதின. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் களத்தில் நின்றனர். பொழுது சாய்ந்தபோது கொல்லப்பட்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் எனச் சுமார் 40,000 பேர் கணக்கிலிருந்து விழுந்திருந்தனர். அல்ஜீரியாவில் தமக்கிருந்த வர்த்தக முயற்சிக்காகப் பிரெஞ்சுப் பேரரசரைக் காணப் புறப்பட்டு வந்த டுனான், அருகிலிருந்த கஸ்தில்யோனே என்ற ஊரில் இந்த அவலத்தைக் கண்டார். தேவாலயத் தரையிலே வைக்கோலின் மீது கிடத்தப்பட்டிருந்தவர்களுக்கு அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து நீர் கொடுத்தார், புண் கழுவினார். எந்தச் சீருடை என்று அப்பெண்கள் பார்க்கவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1862இல், தமது சொந்தச் செலவில் 1,600 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்ட 'சொல்பெரினோ நினைவுகள்' என்ற நூலிலே அவர் இவற்றை எழுதினார். அரசர்களும் தளபதிகளும் அந்நூலில் வருகிறார்கள். ஆனால் படித்து முடித்த பின்னரும் நெஞ்சைவிட்டு அகலாதவன் குளோடியஸ் மசுவே என்ற இளங் கோப்பிரல். அவனுக்கு இருபது வயதளவில் இருக்கும். இடப்பக்கத்தில் குண்டு துளைத்திருந்தது. தான் பிழைக்கப்போவதில்லை என்பதை அவன் அறிந்திருந்தான். தன் தந்தைக்கு எழுதி, தாயைத் தேற்றும்படி சொல்லுமாறு டுனானைக் கேட்டான். அவன் அவர்களுக்கு ஒரே மகன். பாரிசில் வாழ்ந்த அப்பெற்றோருக்குக் கிடைத்த ஒரே செய்தி டுனான் அனுப்பிய செய்திதான். இராணுவத்தின் பட்டியலிலோ அவன் 'காணாமற்போனவன்'.

செஞ்சிலுவை இயக்கம் தோன்றிய கதையை நாம் பள்ளியில் முதலுதவி வகுப்பிலே படித்தோம். காயத்துக்குக் கட்டுப்போடுவதே அதன் தொடக்கம் எனக் கற்றோம். அது உண்மைதான். ஆயினும் அதே தரையில், அதே நாட்களில், இன்னொன்றும் தொடங்கியது. இறந்தவனின் பெயரை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு சிகிச்சையே என்பதை அந்த ஒரு கடிதம் காட்டிற்று. முதலாம் உலக மகாயுத்தத்தின்போது ஜெனீவாவில் இயங்கிய போர்க்கைதிகள் முகவரகத்தில் சேர்ந்த 70 இலட்சம் அட்டைகளும் அக்கடிதத்தின் வழித்தோன்றல்களே. ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் எங்கோ ஒரு வீட்டில் எவரோ ஒருவர் கேட்ட கேள்வி இருந்தது.

'கல்லறைக்கல்'

களமுனையில் நிற்பவனின் பெயரை அவனது உடலோடு பிணைத்துவைக்கும் வழக்கமும் அக்காலத்தில்தான் பரவலாயிற்று. 1870ஆம் ஆண்டுப் போரிலே பிரஷ்யப் படையினர் அடையாளத் தகடு அணிந்து சென்றனர். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இதனை விதியாகவே வகுத்தது. களத்தில் இறந்தவர்களைத் தேடி எடுக்க வேண்டும். எதிரியாயினும் அவரது அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும். இரட்டைத் தகட்டின் ஒரு பாதி உடலோடிருக்க, மறுபாதி அவரது தரப்புக்குப் போய்ச்சேர வேண்டும். இலங்கை 1959இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. ஆனால் இவ்விரிவான விதிகள் நாடுகளுக்கிடையிலான போர்களுக்கு உரியவை. உள்நாட்டுப் போரிலும் இறந்தோரைத் தேடி எடுக்கவேண்டும் எனக் கூறும் 1977ஆம் ஆண்டின் இரண்டாவது மேலதிக நெறிமுறையில் இலங்கை இணையவில்லை.

நாம் தஞ்சம் புகுந்திருக்கும் இந்நாடு கடைசியாகப் போர்க்களம் கண்டது 1847 நவம்பரில். கன்டோன்களுக்கிடையே மூண்ட அந்த உள்நாட்டுப் போர் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. இறந்தோர் சுமார் நூறு பேர். வென்ற தரப்பின் தளபதி டியுபூர், தோற்றவரின் காயப்பட்டவர்களையும் கைதிகளையும் காக்கும்படி தம் படைக்குக் கட்டளையிட்டவர். அவரே பின்னாளில் செஞ்சிலுவைக் குழுவின் முதலாவது தலைவரானார். உள்நாட்டுப் போரில் வென்றவர் எவ்வாறு நடந்துகொள்ளலாம் என்பதற்கு இந்நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கின்றது.

அதன் பின்னர் களத்தில் போர் புரியாத போதிலும் சுவிஸ் இராணுவம் தன் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் தகடு வழங்குகின்றது. எமது பிள்ளைகளுள் இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற ஆண்மக்களும் இப்போது இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்படுகின்றனர். வார இறுதிகளில் சூரிச் பிரதான புகையிரத நிலையத்தில் சீருடையோடு முதுகுப்பை சுமந்து நிற்கும் தமிழ் முகங்களை வாசகர்களும் கண்டிருப்பீர்கள்.

அத்தகைய ஒருவனின் தாய் எம்மிடம் கூறிய செய்தியை இங்கே தருகிறோம். மகனின் உடுப்புகளைத் தோய்ப்பதற்கு எடுத்தபோது சட்டைப்பையில் ஓர் உலோகத் தகடு அகப்பட்டது. பெயரும் பிறந்த திகதியும் காப்புறுதி இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. "இதை நாங்கள் கிராப்ஷ்டைன் எண்டு சொல்லுறது, அம்மா" என்று மகன் சிரித்தான். கிராப்ஷ்டைன் என்றால் கல்லறைக்கல். சுவிஸ் சிப்பாய்களின் பேச்சுவழக்கில் அத்தகட்டுக்கு அதுவே பெயர். தாயால் சிரிக்க முடியவில்லை. அவருடைய தம்பியின் கழுத்திலும் ஒரு தகடு இருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் தம்பியும் இல்லை, தகடும் இல்லை.

இரு காவலரண்களுக்கிடையே

எமது தீவின் போரைப் பற்றி எழுதப்பட்டவை பல. தாக்குதல்களின் பெயர்களும் கைப்பற்றப்பட்ட ஆயுதங்களின் தொகையும் தளபதிகளின் திறமும் அவற்றில் நிறைந்துள்ளன. மண் மூட்டைக்கும் பனங்குற்றிக்கும் பின்னால் இரவிரவாக விழித்திருந்தவனின் போர் அவற்றில் அரிதாகவே வருகின்றது. அவனுடைய போரில் நீண்ட நேரம் எதுவுமே நடப்பதில்லை. மழையில் பதுங்குகுழி நிரம்புவதும், நனைந்த உடுப்போடு நுளம்புக்கடியில் நிற்பதும், நித்திரையோடு போராடுவதும், வராத உணவுப் பொதிக்குக் காத்திருப்பதுமே பெரும்பகுதி. எஞ்சிய சில நிமிடங்களில் எல்லாமே நடந்து முடிந்துவிடுகின்றது.

ஆனையிறவை எடுத்துக்கொள்வோம். 1991 யூலையில் அத்தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகளின் போராளிகள், ஒதுங்குவதற்கு ஒரு மரமும் அற்ற உப்பு வெளியைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் அங்கு மாண்டனர். 2000 ஏப்ரலில் அதே வெளியில் சிக்கியவர்கள் இராணுவச் சிப்பாய்கள். குடிநீர் இயக்கச்சியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது கைவிட்டுப்போனதும் சித்திரை வெயிலில் தாகம் அவர்களை வாட்டியது. ஏப்ரல் 22ஆம் திகதி தளம் வீழ்ந்தது. பின்வாங்கிய வழியில் சுருண்டு விழுந்தோருள் தாகத்தால் விழுந்தோரும் இருந்தனர். ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே உப்புத் தரை இரு தரப்புப் பிள்ளைகளையும் உண்டது.

அச்சிப்பாய்கள் யார்? அநுராதபுரம், பொலநறுவை, குருநாகல், மொனராகலை போன்ற மாவட்டங்களின் ஏழை விவசாயக் குடும்பங்களிலிருந்து மாதச் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்தோர் அவர்களிற் பலர். பல்லாயிரம் பேர் விடுமுறையில் வீடு சென்று திரும்பாமலே விட்டனர். அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்து அவர்களை அழைக்க வேண்டியிருந்தது. எமது ஊர்களை எரித்த படையிலும், எம் உறவுகளை இழுத்துச் சென்ற படையிலும் இவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை; எவரையும் மறக்கச் சொல்லவுமில்லை. ஆயினும் அவர்களது மணிக்கட்டிலே தாய்மார் விகாரையில் ஓதுவித்துக் கட்டிய பிரித் நூல் இருந்தது என்பதும் உண்மையே.

மறுபுறத்திலே நின்ற எமது பிள்ளைகள் யார்? 1983இன் பின்னர் கண்ணெதிரே கண்ட கொடுமையால் தாமாகச் சென்றோர் ஆயிரக்கணக்கானோர். வன்னியில் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டளையின் பேரில் தாயின் கையிலிருந்து பிரித்துச் செல்லப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். பதினெட்டு வயது நிரம்பாதோரும் இருந்தனர். இதை எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். விரும்பிச் சென்றவனையும் விருப்பமின்றிச் சென்றவனையும் களமுனையின் எறிகணை வேறுபடுத்திப் பார்த்ததில்லை. அவர்களின் தாய்மாரது கண்ணீரையும் நாம் வேறுபடுத்த முடியாது.

பெயரற்ற மண்

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மண் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றது. 2000ஆம் ஆண்டிலிருந்து முன்னரங்காயிருந்த முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோரின் பணியின்போது, 2020இல் சீருடைத் துணியோடு எலும்புகள் வெளிப்பட்டன. 2023 யூனில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் தென்பட்டன. அடுத்த ஆண்டு அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. பெண் போராளிகளின் சீருடைகளும் தகடுகளும் அவற்றிடையே காணப்பட்டன.

தகடு கிடைத்தால் பெயரும் கிடைத்துவிடுமா? அங்கேதான் எமது துயரம் தனித்தன்மை பெறுகின்றது. போராளியின் தகட்டில் இருந்தது இலக்கம். அந்த இலக்கத்துக்குரிய பெயர் இயக்கத்தின் பதிவேட்டில் இருந்தது. கூட நின்றவர்கள் அறிந்ததோ இயக்கப் பெயர் மட்டுமே. பெற்றவர்கள் இட்ட பெயரைச் சொல்லலாகாது என்பது விதி. எனவே கூட இருந்து ஒரே கோப்பையில் தேநீர் குடித்தவனுக்கும் தோழனின் ஊர் தெரியாது. துயிலும் இல்லங்களில் பெயர் பொறித்த கற்கள் பல்லாயிரம் இருந்தன. அவையும் போரின் பின் இடித்தழிக்கப்பட்டன. கோப்பாயில் அந்நிலத்தின் மீதே இராணுவத் தலைமையகம் எழுந்தது. 2009இன் இறுதி மாதங்களில் வீழ்ந்தோர் பலருக்கோ இடிப்பதற்குக்கூட ஒரு கல் இருந்ததில்லை.

மறுதரப்பின் நிலை என்ன? பத்தரமுல்லையில் பாராளுமன்றத்துக்கு அருகே அரசு எழுப்பிய நினைவுத்தூபியில் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் போரின் பெரும்பகுதியில் அச்சிப்பாய்களின் கழுத்தில் ஒழுங்கான அடையாளத் தகடு இருந்ததில்லை. 1998 செப்ரெம்பரில் கிளிநொச்சியில் காணாமற்போன இளம் இராணுவ அதிகாரி ஒருவரின் தாயான விசாகா தர்மதாச, தம்மைப் போன்ற தாய்மாரைத் திரட்டி, படையினருக்குத் தகடு வழங்கும்படி தமது அரசையே வற்புறுத்த வேண்டியிருந்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. விடுதலைப் புலிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்து மகனைப் பற்றி விசாரித்தார். பின்னர் போரால் பாதிக்கப்பட்ட தமிழ், சிங்களப் பெண்களை ஒன்றாக அமர்த்தும் அமைப்பை நடத்தினார்.

1990இலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் பதிவாகி, இன்னும் விடை காணப்படாதோர் 16,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலானோர் எம்மவர்கள். இலங்கைப் படைத்தரப்பினர் 5,000க்கு மேல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இல் பணி தொடங்கியது. ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்த தாய்மார் விடை பெறவில்லை. இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது அரசு. அப்பொறுப்பை எவரும் மாற்றிவைக்க முடியாது. கேட்டுக் கேட்டே கண்மூடிய தாய்மார் தந்தைமார் பலர்.

எம்மிடம் உள்ள கடன்

அரசு சொல்லவேண்டியதை அரசிடம் கேட்போம். நாம் சொல்லக்கூடியதை நாம் சொன்னோமா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

சூரிச்சிலும் பேர்ணிலும் பாசலிலும் முன்னாள் போராளிகள் எத்தனையோ பேர் வாழ்கின்றனர். உணவகத்தில் கோப்பை கழுவுவோரும், முதியோர் இல்லத்தில் பணிபுரிவோரும், பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்து வருவோரும் அவர்களுள் உண்டு. அவர்களிற் பலர் தமது போரை ஒரேயொரு தடவைதான் முழுமையாகச் சொல்லியிருக்கின்றனர். அது தஞ்சக்கோரிக்கை விசாரணையின்போது, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஊடாக, அந்நிய அதிகாரி ஒருவரிடம். எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த இடம் என்ற வினாக்களுக்கு விடையாக அது தாளில் பதிவாயிற்று. அங்கு கேட்கப்படாதவை நெஞ்சிலேயே தங்கிவிட்டன. மனைவிக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது.

அவர்களது மௌனத்துக்குக் காரணம் உண்டு. ஊரிலுள்ள உறவினருக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம், வதிவிட அனுமதி பறிபோகுமோ என்ற அச்சம், தான் மட்டும் தப்பி வந்துவிட்டேனே என்ற குற்ற உணர்வு ஆகியவை வாயைக் கட்டிவிடுகின்றன. நாம் எவரையும் குறைகூற வரவில்லை. ஆயினும் எமக்குத் தெரிந்த ஒருவரின் செய்கையைச் சொல்லாதிருக்க முடியவில்லை.

இந்நகரில் சமையலறை ஒன்றில் நீண்டகாலம் பணிபுரியும் அவர், வன்னிக் களத்தில் தம் அருகே வீழ்ந்த மட்டக்களப்புத் தோழன் ஒருவனைக் காவலரணுக்குப் பின்னால் தம் கையாலேயே புதைத்தவர். அவனது இயக்கப் பெயரும் அவன் அடிக்கடி பேசிய ஆற்றங்கரைக் கோவிலும் மட்டுமே அவருக்குத் தெரியும். பல ஆண்டுகளின் பின், சூரிச்சில் நிகழ்ந்த கோவில் திருவிழா ஒன்றிலே, அதே கோவிலைப் பற்றி ஒருவர் பேசக் கேட்டு விசாரித்தார். இழை பிடித்து இழை பிடித்து அத்தாயின் தொலைபேசி இலக்கம் கைக்கு வந்தது. அதற்குப் பின்னும் அழைப்பதற்கு அவருக்கு இரண்டு மாதம் எடுத்தது.

அழுகைக்கும் ஏச்சுக்கும் அவர் தயாராயிருந்தார். அத்தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒன்று கேட்டார்: "மகன், அவன் கடைசியாச் சாப்பிட்டவனா?"

"சோறும் பருப்பும் சாப்பிட்டவன், அம்மா" என்றார் இவர்.

அந்த ஆண்டிலிருந்து அத்தாய் திதி கொடுக்கின்றார். காத்திருப்பதற்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. மசுவேயின் பெற்றோருக்கு டுனானிடமிருந்து வந்த செய்தி போல, மட்டக்களப்புத் தாய்க்குச் சூரிச் சமையலறையிலிருந்து ஒரு செய்தி போய்ச்சேர்ந்தது.

இதைச் செய்வதற்கு எல்லோரும் தனியாக அலையத் தேவையில்லை. காணாமற்போனோரைத் தேடுவதற்கென்றே ஜெனீவாவில் செஞ்சிலுவையின் மத்திய தேடுதல் முகவரகமும், இந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடுதற் பிரிவும் இயங்குகின்றன. அவற்றை அணுக அஞ்சுவோர், அறிந்த விபரத்தைத் திகதியோடும் இடத்தோடும் எழுதி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது வைத்துவிட வேண்டும். நாம் முதுமையடைகின்றோம். எம்மோடு அவ்விபரமும் சீல்பெல்ட் போன்ற ஏதோவொரு மயானத்தில் புதைந்துவிட்டால், மீண்டும் எவராலும் அதை அகழ்ந்தெடுக்க முடியாது. களத்திலே வீழ்ந்த சிங்களச் சிப்பாய் ஒருவனைப் புதைத்த இடம் தெரிந்தவருக்கும் இதே கடன் உண்டு. அநுராதபுரத்துக் கிராமமொன்றிலும் ஒரு தாய் படலையைப் பார்த்தபடி இருக்கக்கூடும்.

மகனின் தகட்டைச் சட்டைப்பையில் கண்டெடுத்த அத்தாயிடம், தம்பியின் தகட்டு இலக்கம் தெரியுமா என்று கேட்டோம். தெரியாது என்றார். அவருக்குத் தெரிந்தது தம்பியின் இயக்கப் பெயரும், 2009 பங்குனியில் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த கடைசிச் செய்தியும் மாத்திரமே. மகனின் தகட்டைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டதாகவும், திங்கட்கிழமை அவன் முகாமுக்குப் புறப்படும்போது மறக்காமல் அணியச் சொன்னதாகவும் கூறினார்.

தம்பியோடு கடைசியாக நின்றவர் எங்கோ இருக்கக்கூடும். அவர் இப்பத்திரிகையின் வாசகராகவும் இருக்கலாம்.